பழைய படத்தில் எல்லார் முகமும் அகலமாகத் தெரிந்த வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2023-இல் நடந்தது. திருநெல்வேலியில் என் நண்பனின் பெற்றோர் வீடு. பெரியவருக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. மகன் வெளியூரில் வேலை. பொங்கலுக்கு வந்தவன், பழைய குண்டு டிவியைத் தூக்கிவிட்டு 43 அங்குல எல்இடி டிவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். அதனுடன் எச்டி செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ வயரில். பழைய டிவிடி பிளேயரையும் விடவில்லை, அதை மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் செருகிவைத்திருந்தான். அப்புறம் அப்பாவுக்காகப் பழைய படங்கள் நிரப்பிய ஒரு பென் டிரைவ்.

டிவி வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் பெரியவருக்கு இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்ததுதான் பின்னால் நடந்த குழப்பம் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். ரேஷியோ, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், எனக்குத் தினமும் கையில் புழங்குகிற விஷயம், ஆனால் இந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கும்வரை ஒரு படம் தப்பான அளவில் தெரிவது ஒரு மனிதரைக் கண் டாக்டரிடம் அனுப்பும் அளவுக்குப் போகும் என்று நான் நினைத்ததில்லை. அதனால்தான் முழுதாக எழுதிவைக்கிறேன்.

எப்படித் தெரியவந்தது

பெரியவருக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பழைய படம் பார்க்கிற பழக்கம். புது டிவி வந்த நாளிலிருந்து படத்தில் ஆட்கள் என்னமோ போல இருக்கிறார்கள், முகம் பரந்துபோய்க் கழுத்து குட்டையாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் டிவியைச் சந்தேகப்படவே இல்லை, ஏனென்றால் அம்மா பார்க்கும் சீரியலும் செய்தியும் நன்றாகத்தான் தெரிந்தன. ஆபரேஷன் ஆன கண், பழக நாளாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி சரியில்லையோ என்று கடைக்குப் போய் வேறு கண்ணாடி போட்டாயிற்று. மறுபடி டாக்டரிடமும் போய்வந்தாயிற்று. கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். படம் பார்ப்பதும் குறைந்துவிட்டது.

நண்பன் என்னிடம் வேறு ஏதோ பேசும்போதுதான் இதைச் சொன்னான். நான் அன்று சாயங்காலம் பெரியவரிடமே போனில் பேசினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: செய்தி வாசிக்கிறவர்களும் அப்படித்தான் தெரிகிறார்களா?

“இல்ல தம்பி, நியூஸ் வாசிக்கிறவுக சரியாத்தான் இருக்காக. சுவத்துல மாட்டியிருக்க போட்டோவும் சரியாத்தான் இருக்கு. படம் பாக்கும்போதுதான் அப்படி.”

கண்ணில் கோளாறு என்றால் செய்தியும் சுவரில் இருக்கும் போட்டோவும் சேர்ந்தே பரந்து தெரிய வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

நேரில் பார்த்தவை

போனதும் எதையும் மாற்றவில்லை. முதலில் இருப்பதை அளந்தேன். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது, அதில் சுவர்க் கடிகாரம் ஒன்று க்ளோசப்பில் வந்தது. போனை டிவிக்கு நேர் எதிரே, சாயாமல் பிடித்துப் படம் எடுத்து, லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிகாரம் முட்டை வடிவத்தில் படுத்திருந்தது. அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.33. அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன நடக்கிறது என்பது முழுசாகப் புரிந்துவிட்டது.

புது டிவித் திரையின் வடிவமான 16:9 என்பது 1.78. பழைய படங்களின் வடிவமான 4:3 என்பது 1.33. ஒன்றை ஒன்றால் வகுத்தாலும் அதே 1.33 வரும். அதாவது 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்து ஒட்டினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடும். ஒரு மனிதரின் முகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அது வேறு ஆள். பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை.

பழைய படங்கள் ஏன் 4:3 என்று அம்மா கேட்டார். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு சட்டத்தின் வடிவமே ஆரம்பத்திலிருந்து ஏறக்குறைய அதுதான். ஒலிக்கு ஓரத்தில் இடம் ஒதுக்கிய பிறகு 1932-இல் ஹாலிவுட்டில் 1.37 என்று நிலைப்படுத்தினார்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னால் வந்த டிவியும் அதே 4:3 வடிவத்தை எடுத்துக்கொண்டது. 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படம் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ராஜராஜ சோழன். ஆகவே ஒரு தமிழ்ப் படம் அதற்கு முந்தியது என்றால் அது திரையில் கிட்டத்தட்டச் சதுரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், டிவி முழுக்கப் பரந்து நின்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் இன்றைக்கும் முதலில் பார்ப்பது படம் வந்த ஆண்டைத்தான்.

கடிகாரம் ஒரு பக்கம். அன்று மதியத்துக்குள் வேறு மூன்று விஷயங்களும் தெரிந்தன.

ஒன்று, எச்டிஎம்ஐ வழியில் வரும் படத்தின் ஓரம் நாலு பக்கமும் வெட்டுப்பட்டது. நான் கொண்டுபோன சோதனைப் படத்தில் 800 பிக்சல் விட்டத்தில் ஒரு வட்டமும், ஓரத்தை ஒட்டி ஒரு சிவப்புக் கோடும் இருக்கும். 43 அங்குல டிவியில் அந்த வட்டம் 39.7 செ.மீ. வர வேண்டும். செட்டாப் பாக்ஸ் வயரைக் கழற்றி அதே இடத்தில் லேப்டாப்பைச் செருகி, அம்மாவின் தையல் டேப்பை வாங்கி அளந்தால் குறுக்கே 41, நெடுக்கே 41. வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் படம் ஊதியிருக்கிறது, சிவப்புக் கோட்டைக் காணவே இல்லை. குண்டு டிவி காலத்தில் ஓரம் ஒழுங்காக இருக்காது என்பதால் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் இருந்தது, அது இன்றைய டிவிகளிலும் தொடர்கிறது. செய்தியில் கீழே ஓடும் எழுத்தின் பாதி ஏன் மறைகிறது என்று அம்மா பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டு, ஸ்கோப் படம் வந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது பிடிக்காமல் அம்மா ஜூம் போட்டுவைத்திருந்தார். 2.35 அகலப் படத்தை 16:9 திரை நிறையும்வரை பெருக்கினால் பக்கவாட்டில் மொத்தம் 24 சதவீதம் வெளியே போய்விடும். அதாவது படத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒரு படத்தில் பெயர் போடும்போது பார்த்தேன், “தயாரிப்பு” என்ற சொல் “யாரிப்” என்று நின்றது. இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் நின்று பேசினால் இருவரும் பாதிப் பாதி.

மூன்றாவது டிவிடி. மகளுடைய கல்யாணக் கேசட்டை எப்போதோ டிவிடியாக மாற்றிவைத்திருந்தார்கள். அதுவும் 4:3, அதுவும் இழுபட்டுத்தான் ஓடியது.

முதல் முடிவும், அது தப்பிப் போனதும்

செட்டாப் பாக்ஸ் அமைப்புக்குள் போனால், 4:3 சேனலை எப்படிக் காட்டுவது என்ற இடத்தில் “ஃபுல்” என்று இருந்தது. தவறு நடப்பது அங்கேதான். பாக்ஸ் முதலிலேயே இழுத்து 16:9 ஆக்கி அனுப்பிவிடுகிறது. டிவிக்கு வருவது நிறைந்த 16:9 சிக்னல், அது இழுபட்டது என்று டிவிக்குத் தெரிய வழியே இல்லை. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே மருந்து வைப்போம் என்று பாக்ஸை “பில்லர் பாக்ஸ்” என்று மாற்றினேன். பழைய படம் நடுவில் ஒழுங்காக வந்து நின்றது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. டிவியில் ஓரம் வெட்டுவதை நிறுத்த “ஜஸ்ட் ஸ்கேன்” வைத்தேன். திருப்தியாகக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ராத்திரி அம்மாவிடமிருந்து போன். “தம்பி, சீரியல்ல எல்லாரும் ஒட்டடக்குச்சி மாதிரி இருக்காக. நீ என்னத்தப் பண்ணிட்டுப் போன?”

நான் பார்க்காமல் விட்டது இதுதான். எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனல்கள் பெரும்பாலும் 720-க்கு 576 பிக்சல் என்ற அளவில்தான் வருகின்றன, படம் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும். அதில் சில சேனல்கள் 4:3 படத்தை அப்படியே அனுப்புகின்றன. சில சேனல்கள் 16:9 படத்தை ஒடுக்கி அந்த அளவுக்குள் திணித்து அனுப்புகின்றன, வீட்டில் பாக்ஸ் அதை விரித்துக்கொள்ளும் என்ற கணக்கில். எது எந்த வகை என்று சொல்லும் குறிப்பு ஒன்று சிக்னலோடு சரியாக வந்தால் பாக்ஸே பார்த்து மாற்றிக்கொள்ளும். அம்மா பார்க்கும் சேனலில் அது சரியாக வரவில்லை. “ஃபுல்” என்று இருந்தவரை அந்தச் சீரியல் தற்செயலாகச் சரியாக இருந்தது, நான் மாற்றியதும் அகலத்தில் நாலில் ஒரு பங்கு போய் எல்லாரும் ஒல்லியாகிவிட்டார்கள். பெரியவருக்குச் செய்த அதே அநியாயத்தை மறுபக்கம் திருப்பி அம்மாவுக்குச் செய்துவிட்டேன்.

போனிலேயே வழி சொல்லி பாக்ஸைப் பழையபடி “ஃபுல்” ஆக்கவைத்தேன். ஆக ஒரு நாள் சரியாக இருந்த பழைய படம் மறுபடி பரந்துபோனது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முடிவு

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை அவர்கள் பார்க்கும் சேனல்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வட்டமான ஒரு பொருள் வரும்வரை உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு சேனல். “ஃபுல்” என்ற நிலையில் தப்பாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு, இரண்டும் ராத்திரியில் பழைய படம் போடுபவை. ஆகவே பாக்ஸைத் தொடாமல், அந்த இரண்டு சேனலைப் பார்க்கும்போது மட்டும் டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 ஆக்குவது என்று முடிவு செய்தோம். பாக்ஸ் 16:9-க்கு இழுத்ததை டிவி 4:3-க்குத் திரும்ப அமுக்குகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. வேறொரு பழைய படத்தில் பொட்டு வைத்த ஒரு முகம் முழுத்திரையில் வந்தபோது பெரியவர் கிட்டே போய்ப் பார்த்தார். பொட்டு வட்டமாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல், எச்டிஎம்ஐ-இல் 4:3 வைத்தால் அது எல்லாச் சேனலுக்கும் அப்படியே நிற்கும், திரும்ப மாற்றாவிட்டால் காலையில் அம்மாவுக்குச் செய்தி வாசிப்பவர் ஒல்லியாக வருவார். அம்மாவின் சீரியல் ஒன்பதரைக்கு முடிகிறது, அதற்குப் பிறகுதான் பெரியவர் உட்காருகிறார். ஒரு நாளைக்கு ஒரு தடவை மாற்றி, படுக்கப் போகும்முன் ஒரு தடவை திருப்பினால் போதும். எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்துவது என்று பெரிய எழுத்தில் எழுதி டிவி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

டிவிடி சுலபம். டிவி ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக அளவை ஞாபகம் வைத்துக்கொள்கிறது, ஆகவே அந்த மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் வரும் ஏவி இணைப்பை நிரந்தரமாக 4:3 ஆக்கி, பிளேயரில் “4:3 லெட்டர் பாக்ஸ்” வைத்துவிட்டேன். இப்படி வைத்தால் கடையில் வாங்கிய ஸ்கோப் பட டிவிடி நாலு பக்கமும் கறுப்போடு சின்னதாகத் தெரியும். ஆனால் வடிவம் கெடாது. அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் வீட்டு விசேஷ டிவிடிகள், அதனால் இது போதும் என்று நினைத்தேன்.

பென் டிரைவில் வேறு வகைத் தொந்தரவு. சில கோப்புகளிலேயே படம் இழுபட்டுப் பதிவாகியிருந்தது, 1960-களின் படம் 1920-க்கு 1080 அளவில் பட்டையே இல்லாமல் நிறைந்து ஓடியது. வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமல், இதை 4:3 ஆகக் காட்டு என்று கோப்பின் தலைப்பில் மட்டும் எழுதினேன், எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு நிமிட வேலை, தரமும் குறையாது. அந்த வீட்டு டிவி அந்தக் குறிப்பை மதித்தது. என் வீட்டு டிவி அதே கோப்பைப் போட்டால் மதிப்பதில்லை, இழுத்தே காட்டுகிறது, ஆகவே இதை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் விஎல்சி பிளேயரில் ஏ (A) என்ற எழுத்தை அழுத்திக்கொண்டே போனால் 4:3 வந்துவிடும், அவ்வளவுதான்.

கறுப்புப் பட்டை பற்றிய பேச்சு

தொழில்நுட்பத்தை விட இதுதான் நேரம் எடுத்தது. அம்மாவின் வாதம் நியாயமானது. 43 அங்குலத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம், இந்தப் பக்கம் 12 செ.மீ., அந்தப் பக்கம் 12 செ.மீ. சும்மா கறுப்பாகக் கிடந்தால் என்ன அர்த்தம்? ஸ்கோப் படத்துக்கு மேலே ஆறரை, கீழே ஆறரை.

நான் 4:3-ஐயும் 2.35-ஐயும் தாளில் வரைந்து காட்டினேன். 16:9 என்பது இவை இரண்டுக்கும் நடுவில் விழுகிற வடிவம், 1.33-ஐயும் 2.35-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 வரும். அதனால்தான் பழைய படத்துக்குப் பக்கத்தில் கால்வாசி, ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழுமாகக் கால்வாசி என்று ஏறக்குறைய ஒரே அளவு கறுப்பு வருகிறது. எந்தப் பக்கமும் அதிகம் சாயாத நடு வடிவம். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அம்மா அதைக் கேட்டு ஒன்றும் மாறவில்லை.

பெரியவர்தான் குறுக்கே வந்தார். “ஸ்கோப் படம் புதுசா வந்தப்போ நம்ம ஊர்த் தியேட்டர்ல ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி விலகுமே, ஞாபகம் இல்லையா? சாதாப் படத்துக்குத் துணி உள்ள வந்துரும். அந்தத் துணிதான் இது.” 1973-இல் அவருக்கு 22 வயது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆமாம் என்றார். நான் எத்தனை கட்டுரை படித்திருந்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனாலும் ஜூமை எடுக்க அம்மா சம்மதித்தது கல்யாண டிவிடியை மறுபடி போட்டபோதுதான். பந்தி நடக்கும் இடத்தில் ஒரு வயதான அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து யாருக்கோ சாப்பாடு போதுமா என்று கேட்கிறார். அது அம்மாவின் தாயார், இப்போது இல்லை. நான் அளவை மாற்றி மாற்றி இரண்டு விதமாகவும் காட்டினேன். 4:3 வந்ததும், “இதுதான் எங்க அம்மா, இந்தத் தோள்தான்” என்றார். டிவி வந்தபிறகு அந்த டிவிடியை அவர் இரண்டு தடவை போட்டிருக்கிறார், ஏதோ சரியில்லை என்று பாதியிலேயே நிறுத்தியிருக்கிறார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

பிறகு நடந்தது

மூன்று மாதம் கழித்துப் பேசினேன். பெரியவர் ராத்திரிப் படத்துக்குத் திரும்பியிருந்தார். ரிமோட் வேலையை அவரே செய்கிறார், எப்போதாவது திருப்பி வைக்க மறந்தால் காலையில் அம்மா சத்தம் போடுகிறார், அப்புறம் அம்மாவே கற்றுக்கொண்டார். ஸ்கோப் படத்துக்கு இப்போது ஜூம் இல்லை. செய்தியின் அடிவரி முழுதாகத் தெரிகிறது. இரண்டாவதாகப் போட்ட கண்ணாடிக்கும் முதல் கண்ணாடிக்கும் பவர் ஒன்றுதானாம், முதல் கண்ணாடியைத்தான் அவர் இப்போதும் போடுகிறார்.

முடிக்க முடியாதவையும் இருக்கின்றன. பென் டிரைவில் நாலு ஸ்கோப் படங்கள் பக்கத்தை வெட்டிப் பதிவானவை, அவற்றில் வெட்டிய இடம் கோப்பிலேயே இல்லை, எந்த அமைப்பாலும் திரும்ப வராது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் திரை நிறைய வேண்டும் என்பதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், நின்று பேசும் காட்சிகளில் தலையில் பாதி இல்லை. அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். முழுசாக ஒன்று கிடைக்கும்வரை இருக்கட்டும் என்றார் பெரியவர்.

மறுபடி செய்தால்

பாக்ஸைத் தொடும்முன் அந்த வீட்டில் பார்க்கிற எல்லாச் சேனலையும் பார்த்துவிடுவேன். ஒரு சேனலைச் சரிசெய்துவிட்டு வீடு முழுக்கச் சரியாகிவிட்டது என்று கிளம்பியது என் தவறு, அம்மாவின் சீரியலை ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருந்த அமைப்பு ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்வேன், போனில் வழி சொல்லித் திருப்பும்போது பாக்ஸில் இன்னொரு இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, ஊகித்துத்தான் சொன்னேன்.

அப்புறம், வயதானவர் இருக்கிற வீட்டில் புது டிவி மாட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. மாட்டிய அன்றைக்கே அவர் பார்க்கிற ஒரு பழைய படத்தைப் போட்டு, அதில் ஒரு சக்கரமோ தட்டோ கடிகாரமோ வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள். அது வட்டமாக இல்லையென்றால் அன்றைக்கே ரிமோட்டை எடுங்கள். நண்பன் இப்போது அம்மாவின் தங்கை வீட்டுக்கும் ஒரு டிவி வாங்குகிறான், அங்கே டிஷ்ஷும் பாக்ஸும் வேறு, சேனல் பட்டியலைக் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன்.